திங்கள் முதல் சனி வரை ஆறு தோட்டா

என் கணவர் இடுப்பில் ரிவால்வர் இருப்பது மரக்காணத்தில் யாருக்கும் தெரியாது என்று நம்பிய ஒரே ஆள் என் கணவர்தான்.

வேட்டிக்கு மேல் தோல் பெல்ட், பெல்ட்டில் உறை, உறையில் முக்கால் கிலோ இரும்பு, அத்தனையையும் மறைக்கத் தொடை வரை தொங்கும் சட்டை. இந்தக் கோலத்தில் ஒருவர் வலப்பக்கம் சாய்ந்து நடந்தால் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு நாள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போயிருக்கிறார். "என்னண்ணே, இன்னிக்கு இடுப்பு எளைச்சாப்பல இருக்குது?" என்று டீக்கடைக்காரர் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து என் மேல் பாய்ந்தார். நான்தான் ஊரெல்லாம் தமுக்கடித்தேனாம். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தமுக்கடிக்க எனக்கு நேரம் ஏது?

எங்களுக்கு உப்பளம் இருக்கிறது. குத்தகை நிலம்தான். ஒரு சமயம் அளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் அடிக்கடி காணாமல் போனது. காவலுக்குப் போன இவரை, உப்பு வாருகிற பலகையாலேயே எவனோ மண்டையில் போட்டான். நாலு தையல். தையல் பிரிப்பதற்குள் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டுவிட்டார். மனு மேசை மேசையாக நகர்ந்து லைசென்ஸ் கைக்கு வருவதற்குள், அடித்தவன் பிடிபட்டு, ஜெயிலுக்குப் போய், வெளியே வந்து, திருந்தி, கல்யாணமும் செய்துகொண்டான். எங்களுக்கும் பத்திரிகை வைத்தான். ரிவால்வரோடு போய் வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டு வந்தோம்.

அதை வாங்கச் சென்னைக்கு நானும்தான் போனேன். கடைக்காரர், "உள்ள ஆறு இருந்தா வெளியவும் ஆறு இருக்கணும் சார். அவசரத்துல ஆறும் தீர்ந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"ஆறு தடவை சுட்ட பிறகும் ஒருத்தன் நிக்கிறான்னா, அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட வேண்டியதுதான்" என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு தோட்டா வாங்கினோம்.

உள்ளே போன ஆறால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. என் உயிரை வாங்கியது வெளியே இருந்த உபரி ஆறுதான். முதலில் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம். மாதா கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லாரும் முழங்கால் போடுகிற நேரத்தில் இவரும் குனிந்தார். ஒன்று எகிறி விழுந்து, ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்துக்கு உருண்டு வந்தது. எனக்குப் பின்னால் இருந்த சிஸ்டர் அதை எடுத்து, குனிந்து என் காதில், "உங்க லிப்ஸ்டிக்கும்மா" என்றார். நான் ஜென்மத்தில் லிப்ஸ்டிக் போட்டதில்லை. இல்லை என்று சொன்னால் அது என்னவென்று சொல்ல வேண்டும். நன்றி சொல்லி வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். அதிலிருந்து அந்த சிஸ்டர் எங்கே பார்த்தாலும் முதலில் என் உதட்டைத்தான் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்குப் பிரஷர் உண்டு. மாத்திரையை மறக்காமல் இருக்க, கிழமைக்கு ஒரு மூடியாக ஏழு மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தேன். அதே போல, அதே நீலத்தில், ஒன்று வாங்கி வந்தார். திங்கள் முதல் சனி வரை மூடிக்கு ஒரு தோட்டா. ஞாயிறு காலி.

"ஞாயித்துக்கெழம எவனாவது வந்தா?" என்று கேட்டேன்.

"பூசை நாள்ல யாருடி வரப்போறான்?" என்றார். அந்தக் காலி அறையில் விரல் நுனி அளவு மாதா சுரூபம் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

இரண்டும் ஒரே நிறம் என்றால் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்டாஃப் ரூமில் இட்லியைத் தின்றுவிட்டு, தண்ணீர் பாட்டிலை ஒரு கையில் பிடித்தபடி மூடியைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அறிவியல் டீச்சர் எட்டிப் பார்த்து, "இது என்ன டீச்சர், புது கேப்சூலா?" என்றார். அன்று முழுக்க என் கணவர் என் பிரஷர் மாத்திரைகளோடு உப்பளத்தைக் காவல் காத்திருக்கிறார். அன்றைக்குத் திருடன் வந்திருந்தால் அவனுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஆள் என் தம்பி. எங்கள் அளத்துக்கு அடுத்த அளம் அவனுடையது. என்னைவிட எட்டு வயது இளையவன், ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் காது வரை. ஞாயிறு தவறாமல் கோழிக் குழம்புக்கு வந்துவிடுவான். வந்து உட்கார்ந்ததும், "மாமா, இன்னிக்கு லீவு நாள், ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு தைரியமா வந்துட்டேன்" என்பான். என் கணவர் சிரிக்க மாட்டார். ஆனால் கறியில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைப்பார். அது எனக்குக் கொஞ்சம் வியப்பாகவே இருந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய கோடையில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை.

தண்ணீர்ச் சண்டைதான். பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாளில் உப்பாகிவிடும் என்கிற பதத்தில் நின்ற எங்கள் தண்ணீரை, என் தம்பி வரப்பை வெட்டித் தன் பாத்திக்குத் திருப்பிவிட்டான். ஆள் வந்து சொன்னபோது நானும் வீட்டில்தான் இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதிலும் கூடப் பிறந்தவன் என்றால் இரண்டு பங்கு வரும். "இடுப்புல அத வச்சிக்கினு எதுக்குத் திரியறீங்க, முறுக்குப் புழியவா? போய்க் கேளுங்க" என்று கத்தினேன். அவர் போனார். வரப்பில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள் என்றும், விலக்கிவிட்டார்கள் என்றும் அப்புறம் கேள்விப்பட்டேன். ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு தம்பியே வந்து மன்னிப்புக் கேட்டான், சாப்பிட்டான், எல்லாம் சரியாகிவிட்டது. முறுக்கு வசனத்தை நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது, லைசென்ஸ் வாங்கிய பிறகு வந்த முதல் தேர்தல். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் தோட்டாவோடு ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. இவர் நாளைக் கடத்தினார். கடைசி நாள் காலையில், "நீயும் வர்றியா டீச்சர்?" என்றார். என்னை டீச்சர் என்று அவர் கூப்பிட்டால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர், எங்கள் பள்ளியில் அவர் பெண் படிக்கிறாள். நீல டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியாங்க, பின்னாடியாங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆறை எண்ணி எழுதிக்கொண்டார். பிறகு, "உள்ள இருக்கிறதையும் எடுத்துடுங்க" என்றார்.

என் கணவர் ரிவால்வரைத் திறந்தார். உருளையில் ஆறு துளை. ஆறின் வழியாகவும் ரைட்டரின் காக்கிச் சட்டை தெரிந்தது.

"புக்குல பன்னெண்டு இருக்குது. மீதி ஆறு எங்கங்க?"

என் கணவர் காலி உறையின் மூடியைப் போட்டுப் போட்டு எடுத்தார். ரைட்டர் மறுபடி கேட்பதற்குள் நான் கத்தினேன், "எங்கங்க?"

"வூட்ல இருக்குது" என்றார் என் கணவர், தரையைப் பார்த்து.

ரைட்டர் பேனாவை மூடினார். "சார், அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து லிஸ்ட் கேப்பாரு. அதுக்குள்ள ஆறும் வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா கேஸுங்க."

வண்டியில் வீடு வரும் வரை நான் பேசவில்லை. பேசினால் அவர் வண்டியை எதிலாவது விட்டுவிடுவார். உள்ளே வந்ததும் அவர் நேராக மாடிப்படிக்கு அடியில் போய் நின்றார். அங்கே உப்பு ஜாடி இருக்கிறது. வருஷத்தின் முதல் உப்பை வாரியதும் ஒரு கூடை தனியாக எடுத்து, ஃபாதரிடம் மந்திரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த ஜாடியில் கொட்டுவோம். அதை விற்க மாட்டோம், குழம்புக்கும் எடுக்க மாட்டோம். இடுப்பு உயரப் பீங்கான் ஜாடி, என் அம்மா வீட்டுச் சீர்.

"இதுக்குள்ளயா?"

தலையாட்டினார்.

"துணியில சுத்தினீங்களா?"

"எதுக்கு? உப்புல போட்டது கெடாதே."

தலையில் அடித்துக்கொண்டேன். மீனை உப்பில் போட்டால் கெடாது, மாங்காயைப் போட்டால் கெடாது. ஜன்னல் கம்பியை மூன்று வருஷத்தில் தின்கிற உப்பு பித்தளையை என்ன செய்யும் என்று முப்பது வருஷம் உப்பு விளைவித்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா? கையை விட்டுப் பார்த்தார். மேலே ஒரு சாண்தான் உப்பு, அதற்குக் கீழே கல்லாக இறுகிக் கிடந்தது. உலக்கையைத் தூக்கினார். தோட்டா இருக்கிற இடத்தில் உலக்கை போடுகிற ஆளை அன்றுதான் பார்க்கிறேன். "அத கீழ வையுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும். ஜாடியை உடைக்கலாமா என்றார். என் பிணத்தின் மேல்தான் என்றேன். கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கரைப்பதென்று முடிவானது. ஆயுள் முழுக்கத் தண்ணீரை உப்பாக்கியவர், உப்பைத் தண்ணீராக்கத் தெரியாமல் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷனில் நடந்தது எங்களுக்கு முன்பே ஊருக்குள் போயிருக்கிறது. என் தம்பி மூச்சிரைக்க வந்தான். விஷயத்தைக் கேட்டு அரை நிமிஷம் சிரித்தான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். சுடுதண்ணீர் வைத்து ஊற்றினோம், கரண்டியால் கிளறினோம். மந்திரித்த உப்பைச் சாக்கடையில் விடக் கூடாது என்று நான் சொன்னதால், மொண்ட தண்ணீரை வாளி வாளியாகத் தென்னை மரத்தடிக்குச் சுமந்தான். மூன்று மணிக்குள் ஐந்து தோட்டா வந்துவிட்டன. பச்சைப் பசேலென்று, சுரண்டினால் உதிர்கிற மாதிரி இருந்தன.

"எல்லாரும் பீரோவுல வைப்பாங்க. நீங்க ஏன் மாமா இதுக்குள்ள போட்டீங்க?" என்றான் தம்பி.

என் கணவர் சொம்பைக் கீழே வைத்தார். "போன வருஷம் தண்ணித் தகராறுல நீ என் சட்டையப் புடிச்சியே."

"ஆமா."

"அப்ப என் இன்னொரு கை எங்க இருந்துச்சு தெரியுமா?"

தம்பிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"உறைய தொறந்துட்டேன்டா. உன்ன இழுத்துக்கினு போயிட்டாங்க. நீ போன அப்புறமும் கைய எடுக்க முடியல எனக்கு. நேரா வூட்டுக்கு வந்து ஆறையும் கழட்டினேன். கையில வச்சிருக்கவே பயமா இருந்துச்சு. மந்திரிச்ச உப்பாச்சேன்னு இதுக்குள்ள சொருகிட்டேன். அதுக்கப்புறம் உள்ள ஒண்ணும் போடறதில்ல. சுடணும்னா டப்பாவ எடுத்து, திங்கக்கெழமையில இருந்து மூடி மூடியா தொறந்து போடணும். சனிக்கெழம வர்றதுக்குள்ள கோவம் எறங்கிடும்."

அவரைப் போகச் சொன்னது யார், என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்கப் போகிறவள் போல அடுக்களைக்குப் போய் நின்று அழுதேன்.

திரும்பி வந்தபோது தம்பி தோள் வரை ஜாடிக்குள் கையை விட்டு அடியைத் துழாவிக்கொண்டிருந்தான். என் கணவரின் கை அந்த வாய்க்குள் முழங்கை வரைதான் போகும். ஆறாவது தோட்டாவை அவன்தான் எடுத்தான். உள்ளங்கையில் வைத்து உப்பைத் துடைத்தான்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. நீங்க உப்புக்குள்ளயே வச்சு என்னை நினைச்சிருக்கீங்க மாமா" என்றான். குரல் சிரிப்புக்கு ஏறவில்லை. "இதுல எது மாமா என்னுது?"

"ஆறும் உன்னுதுதான்டா" என்றார் என் கணவர்.

நாலரைக்கு ஸ்டேஷனில் கொடுத்தோம். ரைட்டர் அவற்றைப் பேப்பரில் கொட்டி, "என்னங்க இது, ஊறுகாயா?" என்றபடி, பன்னிரண்டு, அதில் ஆறு பழுது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். தேர்தல் முடிந்து, துப்பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். அங்கேயே இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். சாய்ந்த நடை நேராகிவிட்டது.

ஸ்டேஷனில் ஒப்படைத்த அந்த வார ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வந்தான். நல்ல துண்டாகப் பார்த்து நான் அவன் தட்டில் வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "அக்கா, உப்பு கம்மி" என்றான். உப்பளக்காரன் வீட்டில் வந்து உப்பு கம்மி என்று ஒருவன் சொன்னால், வழக்கமாக என் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு எழுந்துபோய் உப்பை எடுத்து வந்து நானே போட்டேன்.