மிச்சமிருந்த கண்ணும் நூற்றெட்டுத் தேங்காயும்

பாலசுப்பிரமணியனின் இடது கண்ணை ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு தின்றது. போன வருடத் தேர்த் திருவிழாவில், லண்டன் ஹரோவில், கோயில் வாசலில், இரண்டு பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டு நிற்க அது நடந்தது. சிதறு தேங்காய் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் ஓங்கி அடித்தால் மூன்றாம் தெருவில் நிற்கிற பஸ்ஸின் பக்கக் கண்ணாடி கழன்று விழும். பறந்துகொண்டிருந்த புறா சுருண்டு விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் பத்துப் பேர். அதில் நான்கு பேர் அந்த நேரம் கனடாவில் இருந்தார்கள். அன்றைக்கு ஒரு துண்டு அடித்தவரிடமே திரும்பி வந்தது. பொத்திய விரல்களுக்கு இடையால் இரத்தம் வழிந்து வேட்டியைச் சிவப்பாக்கியது. ஆசுபத்திரியில் இரண்டு தரம் வெட்டித் தைத்தார்கள். கண் போனது போனதுதான்.

ஆனால் இது அவருடைய கதையல்ல, அவர் மனைவி கனகவல்லியின் கதை. அறுபத்திரண்டு வயது. தபால் பிரிக்கும் இடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். யாரோடும் சத்தம் போடமாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் பலமாகக் கழுவப்படும்.

இந்த வருடம் தேருக்கு ஒரு மாதம் இருக்கும்போது புருஷன் சொன்னார்:

"மற்றக் கண் தப்பினதுக்கு நேர்த்தி வைச்சனான். நூற்றெட்டுத் தேங்காய் அடிக்கப்போறன்."

"மிச்சம் கிடக்கிறது ஒண்டுதானேயப்பா."

"ஓம். அதுக்குத்தானே நேர்த்தி."

அன்றிரவு பாத்திரங்கள் பட்ட பாடு பெரிது. நேர்த்தியைத் தடுக்க ஏலாது. கண்ணைத்தான் காக்க வேண்டும். கனகவல்லி கோயில் செயலாளர் பத்மநாதனிடம் போனார். அவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஐம்பது பாதுகாப்புக் கண்ணாடிகள்.

"இந்த முறை எல்லாருக்கும் இதுதான் அக்கா. சேர்ட்டிபிக்கேற் நம்பர் பெட்டியிலேயே அடிச்சுக்கிடக்கு, பாருங்கோ."

கனகவல்லி நம்பரைக் குறித்துக்கொண்டு ஒரு கண்ணாடியையும் வாங்கிவந்தார். வீட்டுப் பின்வளவில் ஒரு பூசணிக்காயைக் கதிரையில் இருத்தி, அதற்குக் கண்ணாடியை மாட்டி, பக்கத்துக் கல்லில் தேங்காய் அடித்தார். மூன்றாவது தேங்காயின் துண்டு கண்ணாடியைத் துளைத்து, பூசணிக்குள் இரண்டு அங்குலம் இறங்கியது. உள்ளிருந்த சதையும் விதையும் கதிரை வழியாக ஒழுகின. வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

நம்பரோடு நூலகத்துக்குப் போனார். அங்கே வேலை செய்கிற மெலனி, மன்னாரிலிருந்து வந்த பிள்ளை, கணினியில் ஒரு தரவுத்தளத்தைத் திறந்து கொடுத்தாள். எந்தப் பொருள் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு அடி தாங்க வேண்டும் என்று எழுதிவைத்த தரக்கட்டளைகள் எல்லாம் அதில் கிடந்தன.

கனகவல்லி ஆங்கிலத்தில் 'தேங்காய்' என்று அடித்தார். எண்ணெய் வந்தது, தும்பு வந்தது.

"தேங்காய் உடைக்கிறதைப் பற்றி ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"அன்ரி, நீங்கள் எதை உடைக்கிறீங்கள் எண்டு இது கேக்காது. என்ன பறந்து வந்து எங்கை அடிக்குது எண்டுதான் கேக்கும்."

'கண்', 'பாதுகாப்பு', 'மோதல்' என்று அடித்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்தன. மெலனி ஓரத்தில் இருந்த கட்டத்தில், நடைமுறையில் உள்ளவை மட்டும் போதும் என்று குறியிட்டாள். பட்டியல் மளமளவென்று சுருங்கியது.

"இப்ப பெட்டியில இருந்த நம்பரைப் போடுங்கோ. அந்தக் குறியை எடுத்துவிடுங்கோ, செத்துப்போன கட்டளையளும் தெரியட்டும். நம்பருக்குப் பின்னால இருக்கிற வருசத்தைப் போடாதேங்கோ. போட்டால் அந்தப் பதிப்பு மட்டும்தான் வரும்."

நம்பர் உண்மையானதுதான். ஆனால் பக்கத்தில் 'மீளப்பெறப்பட்டது' என்று இருந்தது. அதன்கீழ் அதற்குப் பதிலாக வந்ததன் எண். கனகவல்லி விடவில்லை. இது எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் முதற்பக்கத்தைத் திறந்து, விரல் வைத்து வாசித்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். அது வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடிக்கான கட்டளை.

"விலாசம் வடிவாய்த்தான் இருக்கு," என்றார். "வேற வீட்டு விலாசம்."

சரியான கட்டளையைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆனது. கண்ணாடியின் மேல் உருக்குக் குண்டைச் சுட்டுப் பார்க்கிறார்கள் என்று வாசித்தபோது அவருக்கு முதன்முறையாக ஒரு ஆறுதல் வந்தது. எந்த வேகத்துக்கு எந்தக் குறி என்று எழுதிக்கொண்டு போய், கட்டிடச் சாமான் கடையில் அந்தக் குறி பொறித்ததையே கேட்டு மூன்று கண்ணாடி வாங்கினார். இரண்டாவது பூசணிக்காய் பதினொரு தேங்காய் தாங்கியது. கன்னம் இரண்டும் கிழிந்து தொங்க, கண்ணாடியில் ஒரு கீறல் மட்டும்.

பழைய கட்டளையின் முதற்பக்கத்தைப் பத்மநாதனின் கையில் கொடுத்தார்.

"உங்கட நம்பர் வெயிலுக்கு, தம்பி."

"இந்த நேரத்தில வேற ஐம்பதுக்கு எங்கை போறது? முருகன் இருக்கிறார் அக்கா."

"போன வருசமும் இருந்தவர்."

பத்மநாதன் பலகைக்கு ஆளனுப்பினார். இரவோடு இரவாக, வாசலில் தேங்காய் அடிக்கிற கல்லைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குப் பலகை மறைப்பு எழுந்தது. மறைப்புக்குள் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று அறிவித்தார்கள். நல்ல கண்ணாடி இல்லாதவர்கள் தேங்காயைத் தேரடியில் வைத்துக் கும்பிடலாம்.

தேரன்று மறைப்புக்குள் குண்டு வெடிக்கிற மாதிரிச் சத்தம். இளநீரும் சிரட்டையும் மழையாகக் கொட்டின. பலகையில் குத்திய துண்டுகள் முள்ளம்பன்றி போல நின்றன. மனைவி மாட்டிவிட்ட கண்ணாடியோடு பாலசுப்பிரமணியன் தோள் வீங்க, உள்ளங்கை கிழிய, வெறிபிடித்தவர் போல அடித்தார். அறுபத்தேழாவது தேங்காயில் ஒரு துண்டு எழும்பி நேரே வலது கண்ணில் அறைந்தது. அவர் முழங்காலில் விழுந்தார். புருவத்திலிருந்து இரத்தம் கொட்டியது.

கனகவல்லி சிரட்டைகளை மிதித்துக்கொண்டு ஓடிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார். அது முழுவதும் வெள்ளையாக வெடித்திருந்தது. ஆனால் உடைந்து உள்ளே போகவில்லை.

"திறவுங்கோ."

"ஏலாது."

"திறவுங்கோ எண்டுறன்."

இரத்தத்துக்குள் இமை மெல்லப் பிரிந்தது.

"என்ன தெரியுது?"

"உன்ர மூக்குத்தி." அவர் கையை நீட்டினார். "கொண்டா அதை. இன்னும் நாற்பத்தொண்டு கிடக்கு."

"அடிபட்ட கண்ணாடியைத் திருப்பிப் போடக்கூடாது. எழுதிக்கிடக்கு."

கனகவல்லி தன் கைப்பையில் இருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தில் மாட்டினார். சேலையை இழுத்துச் செருகினார். பத்மநாதன் மறைப்புக்கு வெளியே நின்று, "அக்கா, பொம்பிளையள் இது..." என்று தொடங்கினார்.

"இவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளி நில்லுங்கோ, தம்பி."

தேங்காய் கனகவல்லியின் தலைக்கு மேலே உயர்ந்தது. புருவத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு, பலகை இடுக்கால் பார்த்துக்கொண்டு, பாலசுப்பிரமணியன் எண்ணினார்:

"அறுபத்தெட்டு."