முள்ளுக்காரர் சரிபார்த்த டைரி

கார் ஸ்பீடோமீட்டரில் ஓடுகிற முள்ளைப் பழுது பார்ப்பவர் என்பதால் அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர் வந்தது. ஒர்க்‌ஷாப் வரிசையில் கடைசிக் கடை அவருடையது. ஷட்டரைத் தூக்கினால் ஒரு மேசை, கழுத்து வளைகிற விளக்கு, ஈயம் பற்றவைக்கும் கோல், ஒரு பழைய லேப்டாப். மாடியில் ஒரே அறை, அதுதான் வீடு. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துக் கடையில் நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர்காரர், "உங்களுக்கென்ன, ஏன்னு கேக்க ஆளில்ல, ராஜா மாதிரி இருக்கீங்க" என்பார். ராஜா சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

பதினோரு வருஷத்துக்கு முன்புவரை அவர் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். அண்ணனுக்குப் பழைய கார் வியாபாரம். முன்னால் கார்கள் நிற்கும். பின்னால் தகர ஷெட்டில் தம்பி உட்கார்ந்து மீட்டரைக் குறைத்துக்கொண்டிருப்பார். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி அவர் கை பட்டால் எழுபதாயிரத்துக்கு இறங்கிவிடும். தப்பு என்று தெரியும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அண்ணன் பிள்ளைகள் "சித்தப்பா" என்று தோளில் தொங்கும். அண்ணி கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைப்பார். அதில் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

அப்படிக் குறைத்த வண்டி ஒன்றை ஒரு டாக்ஸி டிரைவர் வாங்கினார். இன்ஜின் பெல்ட் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து நம்பிவிட்டார். நெடுஞ்சாலையில் பெல்ட் அறுந்து இன்ஜின் மொத்தமும் போயிற்று. அவர் கடைக்கு வந்து சத்தம்கூடப் போடவில்லை. "மீட்டர்ல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் வெளியே போயிருந்த நேரம். தம்பிக்கு அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "நான்தான் குறைச்சேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை அண்ணன், "என் வீட்டுல இருந்துகிட்டே என் கழுத்தை அறுத்துட்டியேடா" என்றார். தம்பி ஒரு பெட்டியோடு வெளியேறினார். அதன்பின் இருவரும் பேசவில்லை. யார் முதலில் பேசுவது என்பதிலேயே வருஷங்கள் போயின.

தனிக்கடை போட்ட நாளிலிருந்து முள்ளுக்காரர் எந்த மீட்டரையும் குறைத்ததில்லை. பழைய மீட்டரில் என்ன இருந்ததோ அதுதான் புதியதிலும் இருக்க வேண்டும். மாற்றிய தேதியையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவோரம் ஒட்டுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு டீச்சரம்மாவின் கார் லாரியில் ஏற்றிவரப்பட்டது. முன்கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் இறங்கி மீட்டர் போர்டு கருகியிருந்தது. கிலோமீட்டரை நினைவில் வைத்திருக்கிற எட்டுக்கால் சிப்பும் வெந்துபோயிருந்தது. விபத்தில் நொறுங்கிய அதே மாடல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய மீட்டர் அவரிடம் இருந்தது. அதைப் பொருத்தினார், விளக்குகள் எரிந்தன, முள் எழுந்தது.

"டீச்சர், இது வேற வண்டியோட மீட்டர். நாப்பத்தோராயிரம் காட்டுது. உங்க வண்டி எவ்வளவு ஓடிச்சோ அதைத்தான் நான் எழுதணும். ஆனா பழைய சிப் செத்துப்போச்சு."

"நாப்பத்தோராயிரமே இருக்கட்டுமே சார். வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்."

"அதோட வயசு வண்டிக்குத் தெரியுமே டீச்சர். ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

டீச்சர் டேஷ்போர்டைத் திறந்து ஒரு தடித்த டைரியை எடுத்தார். "இந்த வண்டியை வித்தவர் ஒரு பெரியவர். ஊரைவிட்டு மக கிட்டப் போறேன்னு குடுத்தார். ஒவ்வொரு தடவை வண்டி எடுத்தப்பவும் கிலோமீட்டர் எழுதியிருக்கார். அவரைப் பார்த்து நானும் எழுத ஆரம்பிச்சுட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கு. மறுநாள் காலைல வீட்டுலேர்ந்து ஆறு கிலோமீட்டர்ல நின்னுடுச்சு."

டைரியைக் கொடுத்துவிட்டு அவர் பள்ளிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை எண் 1,46,872. ஆறைக் கூட்டினால் முடிந்தது. ஆனால் முள்ளுக்காரர் யார் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்கிறவர் இல்லை. கணக்கு இடையில் எங்கும் தாவவில்லையே என்று பின்னோக்கிப் புரட்டினார். டீச்சரின் உருண்டை எழுத்து முடிந்து, ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு போட்ட எழுத்து வந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த ஏழு அது. அண்ணனுடைய எழுத்து.

விளக்கை இன்னும் தாழ்த்தினார். எண்ணுக்குப் பக்கத்தில் போன இடமும் தூரமும் இருந்தன. மருந்துக்கடை, நான்கு. ஸ்டேஷன், பதினெட்டு. பிறகு ஒரு வரி: "தம்பி கடை. 34. கதவு திறந்திருந்தது."

மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த வரி வந்தது. "தம்பி கடை. 34. லைட் எரிந்தது." "தம்பி கடை. 34. வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்." முள்ளுக்காரர் அண்ணன் காரைத் தன் கடைப்பக்கம் ஒருநாளும் பார்த்ததில்லை. தெருவில் வருகிற காரையெல்லாம் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஒரு ஜூன் மாதத்தில், "பூட்டியிருந்தது." மறுநாளும் "பூட்டியிருந்தது." அடுத்த இரண்டு நாளும் அப்படியே. அடுத்த வாரம், "திறந்திருந்தது. மெலிந்திருக்கிறான்."

அந்த ஜூன் அவருக்கு நினைவிருந்தது. குடலிறக்க ஆபரேஷன். உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் நர்ஸ் விரலை வைத்துக் காட்ட, அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு வருகிற கூட்டத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

கணக்கில் ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகவில்லை. 1,46,878 என்று மீட்டரில் எழுதினார். சீட்டை ஒட்டினார்.

டீச்சர் வந்ததும், "அந்தப் பெரியவர் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

"வண்டியில ஏதாச்சும் சந்தேகமா சார்?"

"ஆமா, ஒரு சந்தேகம்."

கார் போனபிறகு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அழைத்தார்.

"அண்ணே, நான்தான்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"உங்க வண்டி என் கடைக்கு வந்துச்சு. மீட்டர் போயிடுச்சு. டைரியைப் பார்த்துதான் எழுதினேன்."

"எல்லாப் பக்கமும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அண்ணன் செருமிக்கொண்டார். "ஒரு தடவை நாலு நாள் பூட்டிக் கிடந்துச்சே, எங்கடா போயிருந்தே?"

"ஆஸ்பத்திரியில. சின்ன ஆபரேஷன்தான்."

"கூட யாரு இருந்தா?"

"நர்ஸுங்க இருந்தாங்க."

முள்ளுக்காரர் மேசை விளக்கை அணைத்தார்.

"இறங்கி வந்திருக்கலாமேண்ணே."

"எதிர்ப்பக்கம் நிறுத்துவேன். சாவியக்கூட எடுத்துக் கையில வெச்சுக்குவேன். அதுக்கு மேல கால் வரலடா."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் திரும்பி வருகிற உத்தேசம் இல்லை; முட்டி இரண்டும் போய்விட்டது, இவ்வளவு தூரம் பிரயாணம் கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். முட்டிவலி, மழை, அண்ணியின் கண் ஆபரேஷன் என்று ஐந்து நிமிஷத்தில் விஷயம் தீர்ந்துவிடும். நடுவில் போன பதினோரு வருஷத்தில் ஒருவர் சொன்னால் இன்னொருவருக்குப் புரிகிற சங்கதி அதிகமில்லை. போனை வைத்தபிறகு அறை முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிடுகிறது என்று டிங்கர்காரரிடம் ஒருமுறை சொன்னார்.

"அப்புறம் ஏன் பேசறீங்க?" என்று அவர் கேட்டார்.

முள்ளுக்காரர் சனிக்கிழமை சாயங்காலமே போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்க்கிறார்.