மூன்று கயிற்றுத் தூரம்

குடிதண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறியில் கட்டியிருந்த தும்புக்கயிறு மழையில் நனைந்து மணக்கிறது. எங்கள் கிணற்றுத் துலாக்கயிற்றின் அதே மணம்.

அரியாலையில் சுற்றிவரக் கிணறெல்லாம் உவர். எங்கள் சின்ன ஒழுங்கைக்குள் இருந்த கிணறு ஒன்றுதான் இனிக்கும். அதிலிருந்து துலாக்கயிற்றின் மூன்று நீளத்துக்குள் எவரும் கக்கூசுக் குழி வெட்டக்கூடாது என்பது ஊர்க்கட்டு. யார் வீடு கட்டத் தொடங்கினாலும் அப்பா ஈரம் சொட்டச் சொட்டக் கயிற்றை அவிழ்த்து அளக்கப் போவார். பாசி வழுக்கும் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, வாளிகள் மோதும் சத்தத்தையும் பெண்களின் சிரிப்பையும் கேட்டபடி, உள்ளங்கை குளிர அதன் மற்ற நுனியைப் பிடித்திருப்பது சிறுமியான என் வேலை.

"ஒரு சாணும் உள்ளுக்கு வரப்படாது," என்பார் அப்பா.

பிறகு அந்தக் கிணற்றடிக் காணியிலேயே எனக்குச் சீதன வீடு கட்டினார். காணி ஒடுக்கம். கக்கூசுக் குழிக்காகக் கயிற்றை இரண்டு தரம் போட்டதும் காணி முடிந்துவிட, நிமிர்ந்து, மற்ற நுனியைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு காணும் பிள்ளை, விடு."

அதைப் பார்த்திருந்த அயலவர்களும் இரண்டு கயிறு, ஒரு கயிறு என்று குழி வெட்டினார்கள். தண்ணீர் கெட்டு, இப்போது கிணற்றை மூடியாயிற்று.

"அக்கா, குடத்தை வடிவாப் பிடியுங்கோ," என்கிறான் பவுசர்க்காரப் பொடியன்.

பிடித்திருக்க வேண்டிய அன்று நான் விட்டுவிட்டேன்.