பூனைக்கு நாலாம் பிரிவு

நான் வேலை பார்த்த வீட்டு ஐயா ஒரு பலஸ்தீனர். அகதி முகாமில் பிறந்து, இத்தாலியில் பலேர்மோவில் படித்து, திரும்பிப் போய் அரசியலில் இறங்கி, பேச்சுவார்த்தைக் குழு ஒன்றில் இருந்து, அதோடு சண்டை பிடித்து விலகி, கடைசியில் அதே பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் காலஞ்சென்ற மனைவியின் நாலாம் மாடி வீட்டுக்கே வந்து சேர்ந்தவர். காலைக் கோப்பியோடு எனக்கு ஒரு சொற்பொழிவு கிடைக்கும். அதில் இரண்டு விஷயம் ஒருநாளும் தப்பாது. ஒன்று, 'தற்காலிகம்' என்று எழுதிய எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது. மற்றது, முகாமில் இருக்கிறவர்களைக் கேட்காமல் கீறின கோடு கோடே இல்லை.

"விளங்குதோ?" என்பார். நாங்கள் கதைத்தது இத்தாலியத்தில். என் நினைவில் மட்டும் அவர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்.

"ஓம் ஐயா, கோப்பி ஆறுது" என்பேன்.

எனக்குத் தங்கக் கொடுத்தது மொட்டைமாடியில் ஓர் அறை. படிக்கட்டு இந்த மூலையில் வந்து முடியும், என் கதவு அந்த மூலையில். நடுவில் இருந்த வெளி ஐயாவுக்கும், மூன்றாம் மாடியில் பூனையோடு இருக்கும் இத்தாலிய அம்மாவுக்கும், நான் சின்யோரா என்று கூப்பிடுகிறவருக்கு, பொது. கொடியில் போட்ட உடுப்பின் ஈரம் தன் செடிகளில் சொட்டுகிறது என்று சின்யோரா ஒருநாள் கத்தினார். மறுநாள் வெளியின் நடுவே பூச்சட்டிகளை வரிசையாக வைத்தார். கிழமைக்குக் கிழமை அந்த வரிசை ஒரு சாண் எங்கள் பக்கம் நகர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலி அடைக்கிற சாட்டில் கதியால் தடியை இரண்டு விரற்கடை அரக்கி நடுகிற ஊர் அது. அக்காவிடம் போனில் சொன்னேன்.

"அங்கை போயும் வேலிச்சண்டையோடி?" என்று அவள் சிரித்த சிரிப்பு லேசில் அடங்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஐயாவிடமும் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டுப் பல வருடம். உடனே கோட்டுப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார்.

"நேரடியாக் கதைக்கக் காலம் வரேல்லை. நீ தூது போ."

பதினொரு நாள் ஏறி இறங்கினேன். அவர் எழுதித் தருவார். அந்தச் சட்ட இத்தாலியம் எனக்கு வாசிக்க வராது. சின்யோரா கண்ணாடியைத் தேடுவார், கிடைக்காவிட்டால் தாளைப் பூனையின் கோப்பைக்குக் கீழே வைப்பார். "இப்போதைக்குத் தற்காலிகமா இப்பிடியே விடுவம் எண்டு சொல்லு" என்று ஒருநாள் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு ஐயா மத்தியானம் சாப்பிடவில்லை. புறா எச்சத்தை யார் கழுவுவது என்பதற்கே மூன்று நாள் போனது. கழுவப்போவது நான்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் மொட்டைமாடியில் மேசை போட்டுக் கையெழுத்து வைத்தார்கள். ஐயாவின் கண் கலங்கியது. எனக்கும் சந்தோஷம்தான், பிஸ்கட் எல்லாம் பரிமாறினேன்.

மறுநாள் உடுப்புக் கூடையோடு என் அறைக்குப் போகிறேன், சட்டி வரிசைக்கு அங்கால் நின்று சின்யோரா கையை நீட்டி மறித்தார்.

"இது என்ரை பக்கம். கேட்டிட்டு வா."

இந்த ஊரில் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போது "பெர்மெஸ்ஸோ?" என்று கேட்க வேண்டும். இங்கே வாழ எங்களுக்குத் தருகிற அனுமதி அட்டைக்கும் அதுதான் பேர். அட்டைக்காக வரிசையில் நின்றே என் கால் தேய்ந்தது. இப்போது என் கட்டிலுக்குப் போகவும் பெர்மெஸ்ஸோ! நாளுக்கு ஆறு தரம் கேட்டேன். கோபம் சின்யோராமேல் இல்லை, ஐயாமேல்தான். ஊருக்கடி உபதேசம் உனக்கில்லையடி கண்ணே என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி அவருக்குச் சோறு போட்டேன்.

நாலாம் நாள் ஐயா வெயில் காய மேலே வந்திருந்தார். நான் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏன் அவவிட்டைக் கேக்கிறாய்?"

"என்ரை அறை அவவின்ரை பக்கம் ஐயா."

"ஆர் அப்பிடிப் பிரிச்சது?"

"நீங்கள்தான்."

சட்டைப்பையில் வைத்திருந்த ஒப்பந்தத்தை விரித்து உரக்க வாசித்தார். சட்டிகளுக்கு ஒரு பிரிவு. கொடிக்கு ஒரு பிரிவு. புறா எச்சத்துக்கு ஒன்று. நாலாம் பிரிவின்படி பூனை இருபக்கமும் தடையின்றி நடமாடலாம். ஏழு பிரிவும் முடிந்தன. நான் எதிலும் இல்லை. திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை, பாவமாக இருந்தது.

"இவ்வளவு காலமும் நான் ஏசின ஆக்கள் இதைத்தான் செய்தவை" என்றார். பிறகு, பதினொரு நாளும் ஒருவரும் கேட்காததைக் கேட்டார். "உனக்கு என்ன வேணும்?"

"வழிவாய்க்கால்" என்றேன். எங்கள் ஊர்க் காணி உறுதிப் பத்திரங்களில் வருகிற சொல். அது எழுதியிருந்தால் அடுத்தவன் காணியால் நான் நடந்து போகலாம், ஒருத்தரும் மறிக்க ஏலாது. அதை இத்தாலியத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஐயா பேனையை எடுத்தார். சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, எட்டாம் பிரிவாக அரபு எழுத்தில் எழுதினார். ழகரம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. கையெழுத்து வைத்துச் சின்யோராவிடம் நீட்டினார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று சின்யோரா கேட்டார்.

ஒரே ஒரு சொல்லுக்காகப் பேச்சுவார்த்தை மேசையை விட்டு எழும்பி வந்த மனிதர் ஐயா.

"எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்" என்றார்.

சின்யோரா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். பிறகு காலால் இரண்டு சட்டிகளை அரக்கிவிட்டார். நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூனைக்குப் பின்னால், ஒருவரையும் ஒன்றும் கேளாமல் என் கதவுக்கு நடந்தேன்.