சால்டர் அக்காவும் மூன்றாவது கம்பியும்

ஊரில் கிடார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. சால்டர் அக்கா என்றால் போதும். சலூனுக்கு மேலே, படியேறினால் இடது கைப்பக்க அறை என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோ கம்பெனியில் ஒயருக்கு ஈயம் உருக்கி வைத்து, அதாவது சால்டர் பண்ணி, பழகிய கை. கம்பெனியை மூடிய பிறகு சும்மா உட்கார்ந்திருந்தவளின் மடியில், பாட்டுக்குழுவில் வாசிக்கும் அவள் தம்பி ஒருநாள் சத்தம் வராத கிடார் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். திறந்து பார்த்தால் உள்ளே நாலு ஒயர், இரண்டு குமிழ், ஒரு சுவிட்ச்.

"இவ்வளவுதானா? இதுக்காடா ஊரையே கூட்டினே?" என்றாள். அன்றைக்குப் பிடித்த வேலை அவளை விடவே இல்லை.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில். வீட்டிலேயே ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு முதலில் கிடைப்பது அர்ச்சனைதான். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்! ஒன்னை யாரு திருகச் சொன்னது?" என்று ஆரம்பித்தால் ஈயம் உருகும்வரை ஓயாது. அதையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் அவளிடமே வந்தார்கள் என்றால், காரணம் அவளுடைய காது. வேலை முடிந்ததும் சுவிட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து வாசித்துப் பார்ப்பாள். தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள். "சரி, எடுத்துட்டுப் போ" என்பாள். அதற்குப் பிறகு யாரும் வேறு பேச்சுப் பேசியதில்லை.

அந்தக் காதுதான் இப்போது அவள் காலை வாரிவிட்டது.

முதலில் இடது காது மந்தமானது. பிறகு வலதும் அதன் கூடவே கிளம்பியது. பஸ் ஓட்டும் அவள் கணவர், வேலை முடிந்து வந்தவுடன் டிவியைக் குறைப்பார்; அவர் குளிக்கப் போனதும் இவள் ஏற்றுவாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க டிவியை வித்துடலாம் போலிருக்கே. ஒரு தடவ டாக்டரப் பாத்துடலாம்மா."

"எனக்கென்ன? நல்லாத்தான் கேக்குது. நாள் பூரா பஸ் சத்தத்துல இருந்துட்டு, வீட்டுக்கு வந்தா உங்களுக்கு எல்லாமே சத்தமாத்தான் தெரியும்."

டாக்டர் என்ன சொல்வார் என்று பயந்தாள். அதைவிட, அவர் சொன்னது வெளியே தெரிந்துவிடுமே என்று பயந்தாள். காது கேட்காதவளிடம் எவன் கிடாரைக் கொடுப்பான்? அந்த அறையும் பட்டறை மேஜையும் புகைகிற ஈயமும் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளை எப்படி ஓட்டுவதென்று தெரியாது. அதனால் காது செய்த வேலையைக் கண்ணுக்கு மாற்றினாள். சுருதிக்கு, கம்பி சரியான இடத்துக்கு வந்ததும் பச்சை விளக்கு எரியும் டியூனர். ஒயருக்கு மீட்டர். யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பது பூனையின் கணக்கு.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி தன் கிடாரோடு வந்தான். கம்பி அதிர்வதைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தச் சுருளை பிக்கப் என்பார்கள். அவன் கிடாரில் அது இரண்டு. கழுத்துப் பக்கத்தில் இருந்தது செத்துப்போய், வேறொரு கம்பெனியின் புதுப் பிக்கப்பை வாங்கி வந்திருந்தான். கூடவே இன்னொரு புகார். கம்பிகளின் அடிப்பலகையோடு ஒரு கைப்பிடி உண்டு. வாசிக்கும்போது அதை அமுக்கினால் சுருதி சரிந்து இறங்கும், விட்டால் பின்பக்க ஸ்பிரிங்குகள் பலகையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட வேண்டும். அதுதான் ட்ரெமோலோ. இவன் கிடாரில் மூன்றாவது கம்பி மட்டும் திரும்பி வரும்போது சுருதி ஏறி நின்றது.

புதுப் பிக்கப்பை, பழையதன் ஒயர் நிறத்தைப் பார்த்தே வைத்தாள். வெள்ளைக்கு வெள்ளை, கறுப்புக்குக் கறுப்பு. ஸ்பிரிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினாள். டியூனரில் பச்சை எரிந்தது. கழுத்துப் பிக்கப்பைத் தனியாக வாசித்தாள், நன்றாக இருந்தது. அடுத்ததைத் தனியாக வாசித்தாள், அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்க்கும் நடு நிலையில் சுவிட்சை வைத்து வாசித்தபோது சத்தம் வயிறு ஒட்டிப்போய் மெலிந்து வந்தது.

அவள் கை நின்றது. முன்னெல்லாம் என்றால் அந்த நிமிஷமே மூடியைக் கழற்றியிருப்பாள். இப்போது, 'நமக்குத்தான் எல்லாமே மெலிசாக் கேக்குதே, காதுதான் காரணம்' என்று நினைத்துக்கொண்டு கிடாரைப் பையில் போட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானமே தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கே? தனித்தனியா ரெண்டும் ராஜா மாதிரி இருக்கு. ரெண்டையும் சேத்துப் போட்டா கொசு கத்தற மாதிரி இருக்கு. சனிக்கிழமை மேடை!"

சால்டர் அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்படியானால் நேற்றுக் கேட்டது சரிதான்! காது பொய் சொல்லவில்லை. அதை நம்பாமல் விட்டவள் இவள்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "பாக்கலாம், குதிக்காதே" என்றாள்.

அதற்குள் தம்பி மேஜையில் கிடாரைச் சாய்த்து, மூன்றாவது கம்பியின் முறுக்காணியைத் திருகிக் காட்டினான். "இதுவும் சரியாகல. திருகும்போதெல்லாம் டிங் டிங்குனு தெறிக்குது பாரு."

அவள் பார்த்தாள். "எது?"

"இதுதான்." மறுபடி திருகினான். "டிங்குங்குதே."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தம்பி கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தான். "அக்கா, ஒனக்குக் கேக்கலையா?"

யார் கேட்டிருந்தாலும் எரிந்து விழுந்திருப்பாள். கேட்டவன் அவள் தூக்கி வளர்த்தவன். "இல்லடா" என்றாள். "கொஞ்ச நாளாவே இப்படித்தான். இடது பக்கம் சுத்தமா இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதே. சொன்னா இந்த ரூமைப் பூட்ட வேண்டியதுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. குடும்பத்திலேயே பெரிய ஓட்டைவாய் அவன். அவனிடம் போய் ரகசியத்தைக் கொடுத்துவிட்டாளே!

தம்பி சத்தியம் செய்தான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

வேலை கைக்கு வந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. இழுப்பறையின் அடியிலிருந்து முள் வைத்த பழைய மீட்டரை எடுத்தாள். ஒயரை மாட்டி, ஸ்க்ரூ டிரைவரைக் கிடாரில் முன்பே இருந்த மற்ற பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டவைத்துச் சட்டென்று பிரித்தாள். முள் வலதுபக்கம் துள்ளியது. புதுப் பிக்கப்பில் அதையே செய்தாள். இடதுபக்கம் துள்ளியது.

"பாத்தியா? இது தள்ளும்போது அது இழுக்குது. இந்தக் கம்பெனிக்காரன் வெள்ளையையும் கறுப்பையும் மாத்தி வெச்சிருக்கான். நான் நிறத்தை நம்பினேன்." இரண்டு ஒயரையும் இடம் மாற்றி ஈயம் வைக்க, ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நடு நிலையில் வாசித்தான் தம்பி. சத்தத்துக்கு வயிறு திரும்பி வந்திருந்தது. அது அவளுக்கே கேட்டது.

மிச்சம் இருந்தது அந்த டிங். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டில் மூன்றாவது பள்ளம் குறுகல். கம்பி அங்கே சிக்கிச் சிக்கித் தெறிக்கிறது, அதனால்தான் திரும்பி வரும்போது ஏறி நிற்கிறது. ஸ்பிரிங்கின் மேல் பழியே இல்லை. பள்ளத்தை மெல்லிய அரத்தால் இழைத்து, பென்சில் கரியைத் தேய்த்தாள். ஆனால் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "டிங் போயிடுச்சா, சொல்லு" என்று தம்பியிடம் கேட்க அவளுக்கு அழுகையாக வந்தது.

"நானெதுக்குச் சொல்லணும்?" என்றான் தம்பி. "மேடையில டிரம்ஸ்காரன் போடற போடுல எங்களுக்கு மட்டும் என்ன கேக்குது? தாடையை வெச்சுத்தான் டியூன் பண்றோம். வை இங்க."

கிடார் உடம்பில் கொம்புபோல் நீண்டிருக்கும் மேல்முனையைக் காட்டினான். அவள் குனிந்து தாடை எலும்பை மரத்தில் அழுத்தி வைத்தாள். அவன் முதலில் பக்கத்து நாலாவது கம்பியைத் திருகினான். அதன் பள்ளமும் கொஞ்சம் குறுகல் போலிருக்கிறது.

டிங்.

காதில் அல்ல, பல்லுக்குள்ளே, மண்டைக்கு நடுவில், துல்லியமாக. அவள் நிமிரவில்லை. "இன்னொரு தடவ திருகு" என்றாள். டிங். மூன்றாவதைத் திருகச் சொன்னாள். அது எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. கிடாரின் மேல் கண்ணீர் விழுந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "நாலாவதையும் இழைக்கணும், அரத்தை எடு" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கணவரிடம் அவளே சொன்னாள், டாக்டரைப் பார்க்கலாம் என்று. அவர் டிவியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

திங்கள்கிழமை காலை அறையைத் திறந்தபோது வாசலிலேயே ஒருவன் கிடாரோடு நின்றான்.

"அக்கா! வணக்கம்! சுவிட்ச்! கரகரங்குது!" என்று கத்தினான். கீழே சலூன்காரர் கத்தரிக்கோலோடு படியேறி வந்து என்ன சண்டை என்று பார்த்துவிட்டுப் போனார். அவன் போனதும் இன்னொருவன். அவனும் கத்தினான். மூன்றாவதாக வந்தவள் ஒரு படி மேலே போய்க் கையால் ஜாடை காட்டினாள். கிடாரை மட்டும் ஒருத்தரும் திருப்பி எடுத்துப் போகவில்லை. மேஜையில் இடம் போதாமல் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

நெஞ்சு நிறைந்திருந்தது. இருந்தாலும் விட முடியுமா? போனை எடுத்தாள்.

"ஏன்டா, யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒன்கிட்ட அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"அப்படியா?" என்றான் தம்பி. "எனக்குக் கேக்கலையேக்கா."