திருப்பிப் படித்த பெஞ்சு

நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண் என்றால் யாருக்கும் சளைத்தவள் இல்லை. நான் சொல்லப்போவது கம்ப்யூட்டர் விஷயம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அதுல உங்களுக்கு என்ன தெரியும்?" என்று என் மருமகனே கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும். அந்த விஷயத்துக்குள் என் கண்ணும் இருந்தது, என் வாயும் இருந்தது.

என் வீட்டுக்காரர் பம்மலில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த மருந்துத் தண்ணியின் நெடியில் நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், மாவு மில்லுக்கு மேலே, மாடியில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. அங்கே கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். சால்டர் வைக்கிற பெண் ஒருநாள் வரவில்லை. "நான் வெச்சுப் பாக்கட்டா சார்?" என்று முதலாளியைக் கேட்டேன். சும்மா ஒரு உடைந்த போர்டைக் கொடுத்தார். ஈயத்தை முத்து முத்தாக வைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அங்கே யாரும் என் கையில் துடைப்பம் கொடுக்கவில்லை.

லாரி எடை மேடைக்கு உள்ளே வைக்கிற போர்டுகள்தான் அங்கே செய்தோம். கல், ஜல்லி ஏற்றி வருகிற லாரியை அப்படியே இரும்பு மேடையில் ஏற்றி நிறுத்தினால் எடை காட்டுமே, அதற்கு. திருநீர்மலை, பல்லாவரம் பக்கம் அப்போது எங்கே பார்த்தாலும் கல் உடைப்புதான். அதனால் எங்களுக்கும் வேலை இருந்தது.

சால்டர் முடிந்த போர்டைச் சோதிக்கிற பெஞ்சு என்னுடையது. என்னோடு இன்னொருத்தி. கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து பம்மலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், வாய் சும்மா இருக்காது. அவள் ஒரு பெட்டியின் குமிழைத் திருகி ஒரு எடையை வைப்பாள். போர்டு அந்த எடையை எனக்கு முன்னால் இருக்கிற டிஸ்பிளேயில் சிவப்பு எழுத்தில் காட்டும். நான் சத்தமாகச் சொல்வேன். அவள் வைத்ததும் நான் சொன்னதும் ஒன்றாக இருந்தால் போர்டு பச்சைத் தட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. போர்டில் இருக்கிற சிப்பு எண்ணை இரண்டு இரண்டு இலக்கமாக வைத்துக்கொள்ளும். வெளியே அனுப்பும்போது பின்னால் இருக்கிற இரண்டை முன்னால் அனுப்பிவிடும். அவள் 1250 வைத்தால் எனக்கு 5012 என்று காட்டும். குவாரி ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டர் அதை நேராக்கிக்கொள்ளும். எங்கள் பெஞ்சில் கம்ப்யூட்டர் ஏது? முன்னே இருந்த சூப்பர்வைசர், "பின்னாடி இருக்கிற ரெண்ட மொதல்ல படிச்சிடும்மா, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நானும் அப்படியே படித்தேன். நாளாக ஆக, 5012 என்று கண்ணில் பட்டாலே வாயில் 1250 என்றுதான் வரும். நடுவில் யோசனையே கிடையாது.

அப்புறம் ஒரு எஞ்சினியர் பெண் வேலைக்கு வந்தாள். குரோம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவாள். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை அக்கா என்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் அவள், இந்தப் பக்கம் நாங்கள். உடம்பில் இருக்கிற கரண்ட் பட்டால் சிப்பு செத்துப்போகும் என்று முதலாளி பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டிவைத்திருந்தார். மணிக்கட்டில் பட்டை கட்டிய நாங்கள் இரண்டு பேர்தான் கயிற்றுக்குள் போகலாம். அதனால் அவள் எங்கள் டிஸ்பிளேயைப் பார்த்ததே இல்லை, நாங்கள் சொல்வது அவள் காதில் விழும், அவ்வளவுதான்.

ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

"சின்னக் குவாரிக்காரன்லாம் கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குறான். போர்டே நேரா எடையக் காட்டணும்ங்குறான். அந்த மாடல் வந்தா ஆர்டர் தரேன்னு ஒரு பார்ட்டி சொல்லிட்டாரு. வரலைன்னா, பழைய மாடலுக்கு இனிமே ஆள் இல்ல. பெஞ்ச மூட வேண்டியதுதான்" என்றார்.

பெஞ்சு என்றால் நான்தானே. தோல் ஷாப்புக்கு நானும் போனால் வீட்டில் இரண்டு நெஞ்சு கெட்டுப்போகும்.

எஞ்சினியர் மேடம் முதலில் ஒரு போர்டைத் தானே தயார் செய்து நேராகக் குவாரிக்கே கொண்டுபோனாள். எண் சரியாகத்தான் வந்ததாம். ஆனால் லாரி மேடையில் ஏறும்போது எடை வேகவேகமாக மாறுகிறது, போர்டு ஒவ்வொரு தடவையும் எண்ணைத் திருப்பி முடிப்பதற்குள் அடுத்த எடை வந்துவிடுகிறது. டிஸ்பிளே பேய் பிடித்த மாதிரி ஆடியதாம். பார்ட்டி சிரித்துவிட்டு, "வேகமா வந்தா சொல்லுங்க, வந்து பாக்குறேன்" என்று அனுப்பிவிட்டார்.

டீ குடிக்கும்போது நானே போய்க் கேட்டேன். "ரெண்டு நம்பர திருப்பி வெக்க அம்மாம் நேரமா மேடம்?"

டீ வந்த தட்டைக் காட்டினாள். தட்டில் இரண்டு கிளாஸ்.

"இந்த ரெண்டு கிளாஸையும் இடம் மாத்தணும்க்கா. ஒண்ண எடுத்து மேஜைல வெக்கிறேன். இன்னொண்ண இந்தப் பக்கம் தள்ளுறேன். மேஜைல இருக்கிறத எடுத்து அந்தப் பக்கம் வெக்கிறேன். இத்தனை வேலை. ஆனா தட்டையே இப்படித் திருப்பிட்டா?"

தட்டைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றினாள். டீ தளும்பவே இல்லை.

"அந்த மாதிரி ஒரே திருப்பா திருப்புறதுக்கு சிப்புலயே ஒரு கட்டளை இருக்கு. ஆனா நான் எழுதுற பாஷை சிப்புக்குத் தெரியாது. நடுவுல கம்பைலர்னு ஒரு புரோகிராம் இருந்து சிப்பு பாஷைக்கு மாத்திக் குடுக்கும். அதுக்கு இந்தக் கட்டளை இருக்குறதே தெரியல. எடு, வை, தள்ளுன்னு நீட்டி முழக்கிக் குடுக்குது."

"அதுக்கு யாருனா சொல்லித் தரக்கூடாதா?"

"அதைத்தான் செய்யப்போறேன். இந்த எடு, வை, தள்ளு எங்க வந்தாலும் அதை அடையாளம் கண்டுபிடிச்சு, அழிச்சிட்டு, 'திருப்பு'ன்னு ஒரே கட்டளையா போடச் சொல்லி அதுக்குள்ள எழுதணும்."

சொன்னபடி உட்கார்ந்தாள். பெரிய பெரிய கோடு போட்ட காகிதமாக அச்சடிக்கிற மெஷின் கக்கிக்கொண்டே இருக்கும், அவள் பேனாவால் சுழித்துக்கொண்டே இருப்பாள். ஒரு மத்தியானம் "வந்துடுச்சு!" என்று கத்தினாள். காகிதத்தில் அத்தனை வரி இருந்த இடத்தில் ஒரே வரி. புதுச் சிப்பைப் போர்டில் வைத்துக் கயிற்றுக்கு மேலே என்னிடம் நீட்டினாள்.

என் கூட்டாளி குமிழைத் திருகினாள். நான் பார்த்தேன், படித்தேன். "ஐயாயிரத்துப் பன்னெண்டு."

"தப்புக்கா. நான் ஆயிரத்தி எரநூத்தி அம்பதுல்ல வெச்சேன்." போர்டு சிவப்புத் தட்டுக்குப் போனது.

தடுப்புக்கு மேலே எஞ்சினியர் மேடத்தின் முகம் தெரிந்தது. விளக்கை அணைத்த மாதிரி இருந்தது.

அடுத்த நாளும் திருத்திக் கொடுத்தாள். சிவப்பு. அதற்கடுத்த நாளும் சிவப்பு. "ரெண்டு தடவ திருப்புதா? திருப்பவே இல்லையா?" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். கொண்டுவந்த தயிர் சாதத்தை அப்படியே திரும்ப எடுத்துப்போவாள். பார்ட்டி வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. முதலாளி என்னிடம் வந்து, "வேற எங்கனா சொல்லி வெச்சிக்கோம்மா" என்றார். நல்ல மனுஷர், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கூட்டாளி மட்டும், "அந்தப் பொண்ணு சோறு துன்னா தன்னால சரியா பூடும். மூளைக்கு மீனு வோணும்க்கா, தயிர வெச்சிகினு இன்னா பண்றது?" என்பாள்.

மாசி மகம் வந்தது. சாமியைக் கடலுக்குக் கொண்டுவருகிற நாள், கூட்டாளி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். குமிழ் திருக ஆள் இல்லை. எஞ்சினியர் மேடம் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, கூட்டாளியின் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, முதல் தடவையாகக் கயிற்றுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமிழைத் திருகினாள்.

நான் சொன்னேன், "ஐயாயிரத்துப் பன்னெண்டு."

அவள் டிஸ்பிளேயை எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொரு தடவ படிங்க."

"ஐயாயிரத்துப் பன்னெண்டு."

"அங்க ஆயிரத்தி எரநூத்தி அம்பதுன்னுதானே இருக்கு?"

"ஆமா. பின்னாடி இருக்கிறதத்தானே மொதல்ல படிக்கணும்?"

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? அப்பிடித்தான் படிக்கணும். இந்த பெஞ்சி போட்ட நாள்லேர்ந்து அப்பிடித்தான் படிக்கிறோம். என் கண்ண சந்தேகப்படாதீங்க மேடம், ஊசி கோத்துக் காட்டட்டா?"

அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து முதுகைத் தடவினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணியும்தான்.

விஷயம் அவள் சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய கம்பைலர் முதல் நாளே கற்றுக்கொண்டுவிட்டது. போர்டு நேராகக் காட்டியது. நான் வழக்கப்படி அதைத் திருப்பிப் படித்தேன். போர்டு மாறினால் படிக்கிற விதமும் மாற வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நான் எப்படி மாறுவேன்? எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலையை நான் பிசகாமல்தான் செய்தேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

முதலாளிக்குத்தான் கோபம் வந்தது. "இத்தன நாளு தப்பாப் படிச்சிட்டு இருந்தியாம்மா? ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று என் மேல் பாய்ந்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"அவங்க தப்பாப் படிக்கல சார். போர்ட மாத்தினது நான். பெஞ்சுல எப்படிப் படிக்கிறாங்கன்னு நான் வந்து பாத்திருக்கணும். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

படித்தவர்கள் யாரும் அதற்கு முன்னால் எனக்காக அப்படி எழுந்து நின்றதில்லை. முதலாளி கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அந்த நன்றி எனக்கு இந்த வயசிலும் இருக்கிறது.

ஆனாலும் அதோடு முடியவில்லை. இல்லாத தப்பைத் திருத்தப்போய் அவள் கம்பைலருக்குள் என்னென்னவோ எழுதிவைத்திருந்தாள். அதையெல்லாம் எடுத்துவிட்டு முதல் நாள் எழுதினதற்கே திரும்பிப் போனாள். எண் சரி. வேகம் எப்படி என்று லாரி ஏறினால்தான் தெரியும்.

பார்ட்டி வந்த நாளில் திருநீர்மலை பக்கத்துக் குவாரிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அவள்தான் கேட்டுக் கூட்டிப்போனாள். கூட்டாளி கிளம்பும்போதே கிண்டல் பண்ணினாள். "யக்கோவ், அங்க போயி பழைய ஞாபகத்துல கவுத்துப் படிச்சிடாத. வேலையும் பூடும், லாரிக்காரனும் ஒதப்பான்." "உன் வாய மூடுடி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் ஷேர் ஆட்டோவில் போகும்போது, எதிரே வருகிற பஸ் நம்பர், லாரி நம்பர் எல்லாவற்றையும் முன்னாலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேதான் போனேன்.

குவாரியில் ஒரே புழுதி. ஜல்லி ஏற்றின லாரி ஒன்று உறுமிக்கொண்டு மேடையில் ஏறியது. டிஸ்பிளேயில் எண் சரசரவென்று ஏறியது. ஆடவில்லை. லாரி முன்சக்கரம், பின்சக்கரம் என்று ஏற ஏற, எண்ணும் கூடவே ஏறி, வண்டி நின்றதும் அதுவும் நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "யம்மா, என்னையும் சேத்து எட போட்டியா? நான் காலைல ஒண்ணும் சாப்புடல, கம்மியா போடு" என்றான்.

பார்ட்டி கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். கண்ணாடி எடுத்து வரவில்லையாம். "எவ்ளோ காட்டுது?" என்று கேட்டார்.

எஞ்சினியர் மேடம் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

நான் முந்தானையால் டிஸ்பிளே மேல் இருந்த புழுதியைத் துடைத்தேன். இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்து, நிதானமாக, அந்தக் குவாரி முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன். குவாரிக் கணக்குப்பிள்ளை பழைய மேடையில் போட்ட எடையைப் பார்த்துவிட்டு, "அதேதான்" என்றார். இறங்கச் சொல்லி இன்னொரு தடவை ஏற்றினார்கள். மறுபடியும் படித்தேன். மறுபடியும் அதேதான்.

"சரி, போடுங்க" என்றார் பார்ட்டி. அவ்வளவுதான் சொன்னார்.

ஆர்டர் வந்தது. பெஞ்சு பிழைத்தது. அதற்கப்புறம் பழைய போர்டுகளும் ரிப்பேருக்கு வரும், புதுப் போர்டுகளும் வரும். அவள் புதுசுக்கெல்லாம் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு வைத்துக் கொடுத்தாள், எதை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய. சிப்புக்குள் எதை மாற்றினாலும் முதலில் கயிற்றண்டை வந்து, "அக்கா, இதை மாத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அப்புறம் கல்யாணம் ஆகி வெளியூர் போய்விட்டாள். எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆர்டர் வந்த அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார். கூட்டாளி ஒன்றை எடுத்து எஞ்சினியர் மேடத்திடம் நீட்டி, "துன்னு மேடம், உள்ள மீனு இல்ல" என்றாள். அந்தப் பெண் இரண்டு வாங்கிக்கொண்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டையைக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தேன். "ஏண்டி, குமிழத் திருகு, வேலை கெடக்குது" என்றேன்.