சக்கரத்துக்குக் கல் வைப்பவர்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. பார்சல் கிடங்கில் யாருக்கும் அது தெரியாது. அங்கே அவர் கல்லுக்காரர். கல் உடைப்பவர் இல்லை, கல்நெஞ்சக்காரரும் இல்லை. சினிமாவில் யாராவது செத்தால் முதலில் மூக்கைச் சிந்துகிறவர் அவர்தான். அவர் ஓட்டிய டெலிவரி வேனுக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் மேட்டில் மெல்ல நழுவும். அதனால் எங்கே நிறுத்தினாலும் முதலில் இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைப்பார், அப்புறம்தான் பார்சலைத் தொடுவார்.

இந்தப் பழக்கம் மனுஷனை வீடுவரைக்கும் விடவில்லை. குழந்தையின் தள்ளுவண்டி நின்றால் செருப்பைக் கழற்றிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பார். ரயில் நிலையத்தில் சூட்கேஸை நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் கல் தேடுவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

பிரேக்கைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கவில்லையா என்றால், கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். மேனேஜர் வேறு யாருமில்லை, மனைவியின் சொந்தத் தம்பி. வீட்டில் மாமா, மாமா என்று உருகுகிறவன், கிடங்கு வாசலைத் தாண்டினால் டிரைவர் என்றுதான் கூப்பிடுவான். இவரும் வீட்டில் மாப்ள, வேலையில் சார் என்று நாக்கை மாற்றிக்கொள்வார். தினமும் காலையில் டிரைவர்களை வரிசையாக நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, "பாதுகாப்பே முதல்" என்று சொல்லவைப்பான் மச்சினன். சொல்லி முடித்த கையோடு இவர் பிரேக் பேச்சை எடுப்பார். ஸ்பேர் பார்ட் வரவில்லை, அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டுங்கள் என்பான். பாதுகாப்பு எப்போதோ முதலில் வந்துவிட்டது, ஸ்பேர் பார்ட்தான் வருவதாக இல்லை.

வேறு ஆளாக இருந்தால் சாவியை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார்கள். இவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மேட்டுத் தெருவில் பிள்ளைகள் விளையாடும். என்றைக்காவது வண்டி உருண்டு ஒரு பிள்ளைமேல் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கும்போதெல்லாம் போய்க் கல்லை இன்னொரு தடவை உதைத்துப் பார்ப்பார்.

கல்லிலிருந்து மண் கொட்டி சீட்டெல்லாம் பாழாகிறது என்று, ஒரு நாள் அதை அட்டையில் சுற்றி டேப் ஒட்டினார். வந்தது வினை. அன்றைக்கு மேட்டுத் தெருவில் அவசரமாக இறங்கியவர், பார்சலைச் சக்கரத்துக்கு வைத்துவிட்டு, கல்லைக் கொண்டுபோய் ஓர் அம்மாவிடம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நல்ல கனமாக இருக்கிறதே என்று அந்த அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

திரும்பிப் பார்த்தால் வேன் தானாகக் கிளம்பியிருந்தது. பார்சலுக்குள் இருந்தது பொம்மைப் பியானோ. சக்கரம் ஏறியதும் அது பாட ஆரம்பித்தது. வேன் பின்னோக்கி இறங்க, இவர் கத்திக்கொண்டே துரத்த, கடைசியில் ஒரு குப்பைத் தொட்டியில் முட்டி நின்றது. நல்லவேளை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கல்லுக்காரர் நடைபாதையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நசுங்கிய பியானோ பாட்டை நிறுத்தவே இல்லை.

தலைமை அலுவலகம் விசாரித்தது. தப்பு யார்மேல் என்று யோசித்து, கல்லின்மேல் என்று கண்டுபிடித்தது. இனி எந்த வேனிலும் கல் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கல் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று கல்லுக்காரர் முதல்முறையாக முரண்டுபிடித்தார். எடுக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்றான் மச்சினன். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று உடனே மூளை வேலை செய்திருக்கவேண்டும், தானே கூட வந்து கல் இல்லாமலே சமாளிக்கலாம் என்று காட்டுகிறேன் என இறங்கிவந்தான்.

முதல் வீட்டிலேயே வேன் நழுவியது. மச்சினன் பதறிப்போய் டிரைவர் சீட்டுக்குத் தாவிக் கால் பிரேக்கை மிதித்தான். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் அதே கதைதான். கல்லுக்காரர் ஆற அமரப் பார்சல் கொடுத்துவிட்டு வருவார். ஒரு பெரியவர் கையெழுத்துப் போட மூக்குக்கண்ணாடியைத் தேடினார், இவரும் கூடச் சேர்ந்து தேடினார். மேனேஜரின் கால் பிரேக்கிலேயே மரத்துப்போனது. காலையில் குடித்த தண்ணீர் வேறு வெளியே வர வழி கேட்டது.

சாயங்காலம் மேட்டுத் தெருவுக்கு வந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேனின் கண்ணாடியில் அதைப் பார்த்ததும் மச்சினனுக்குக் குப்பென்று வியர்த்தது. தலைமை அலுவலகத்துப் பெரிய மேனேஜருக்குப் போன் போட்டான். பிள்ளைகளை ஓரமாக அனுப்பிவிட்டு வந்த கல்லுக்காரர் ஜன்னல் பக்கம் நின்றார். அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டச் சொல்லுங்கள் என்று பெரிய மேனேஜர் சொன்னது வெளியே கேட்டது.

"சார், வண்டியில நான் இருக்கேன் சார்" என்றான் மச்சினன். அழாத குறைதான்.

"இத்தனை நாளா நான் இருந்தேனே, மாப்ள" என்றார் கல்லுக்காரர்.

வேலை நேரத்தில் மாப்ள என்று கூப்பிட்டதை மச்சினன் கண்டிக்கவில்லை. பிறகு போனில், மெக்கானிக் வந்து பார்க்காமல் இந்த வேன் ஒரு அடி நகராது, கிடங்கில் இருக்கும் மற்ற வேன்களும் நகராது என்று கத்திவிட்டு வைத்தான்.

"ரொம்ப அவசரம். கொஞ்சம் பிரேக்ல கால வைங்க மாமா" என்றான்.